பீக் டிஸ்ட்ரிக்ட் நாலு நாள், கார் இல்லாம: நடையா சைக்கிளா?

வைகைக்கரை எழுதியது:

வணக்கம் மக்களே. மே கடைசில நாலு நாள் லீவு கெடச்சிருக்கு, நானும் மனைவியும் டெர்பிஷர் பக்கம் பீக் டிஸ்ட்ரிக்ட் போலாம்னு இருக்கோம். லண்டன் வந்து மூணு வருசம் ஆச்சு, இதுவரைக்கும் இந்த நாட்டோட மலை, காடு, வயல் எதையும் கால் வெச்சு பாத்ததில்ல. கார் கிடையாது, டிரெயின்ல தான் வருவோம். சைக்கிள் ரெண்டு பேருக்கும் நல்லா வரும், நான் காலேஜ் முடிக்கிற வரைக்கும் திருமங்கலத்துல தினம் சைக்கிள் தான். நடையும் பிரச்னை இல்ல, ஆனா மலை ஏறுனதுன்னா அழகர்மலை மட்டும் தான். கேள்வி இது தான்: நாலு நாளும் சைக்கிள் வாடகைக்கு எடுத்து சுத்துனா நிறைய இடம் பாக்கலாமா, இல்ல நடந்து தான் பாக்கணுமா? ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம்னு கணக்கு வெக்கலாம்? மேப்ல பாத்தா எல்லாமே பக்கத்து பக்கத்துல இருக்குற மாதிரி தெரியுது.

சக்கரம் எழுதியது:

சைக்கிள் தான் சகோ, யோசிக்கவே வேணாம். நான் டெர்பில எட்டு வருசமா இருக்கேன், அந்த ஏரியால ஞாயித்துக்கிழமைன்னா சக்கரத்து மேல தான் இருப்பேன். மலைன்னு பயப்படாதீங்க, அங்க பழைய ரயில் பாதைங்களை எல்லாம் தண்டவாளத்தை எடுத்துட்டு சைக்கிள் பாதையா மாத்தி வெச்சிருக்காங்க. ரயில் இஞ்சின் செங்குத்தா ஏறாது இல்லையா, அதனால மலையை வெட்டி, பள்ளத்துக்கு மேல பாலம் கட்டி, குறுக்க வந்த இடத்துல குடைஞ்சு, சமமாவே பாதை போட்டாங்க. அந்த புண்ணியம் இப்போ நம்ம முழங்காலுக்கு.

டிசிங்டன் டிரெயில் ஆஷ்போர்ன்ல இருந்து பார்ஸ்லி ஹே வரைக்கும் 13 மைல். ஹை பீக் டிரெயில் பதினேழரை மைல். ரெண்டும் பார்ஸ்லி ஹேல சேரும், அங்கயே சைக்கிள் வாடகைக்கு கிடைக்கும். மான்சல் டிரெயில் எட்டரை மைல், பேக்வெல் பக்கத்துல ஆரம்பிச்சு சீ டேல் வரைக்கும், அதுல சுரங்கம் ஆறு வரும். மேனிஃபோல்டு பள்ளத்தாக்குல இன்னொண்ணு 8 மைல், அது 1904ல ஓட ஆரம்பிச்ச சின்ன ரயில், முப்பதே வருசத்துல மூடிட்டாங்க, 1937லயே பாதையாக்கி ஜனங்களுக்கு விட்டுட்டாங்க.

கார் இல்லைங்கறதால உங்களுக்கு வசதியானது மான்சல் தான். பழைய ஹேசப் ரயில் ஸ்டேஷன்லயே சைக்கிள் வாடகைக்கு தராங்க. ஒரே நாள்ல நிதானமா போயிட்டு வந்துடலாம்.

ஷெஃபீல்டு செல்வி எழுதியது:

சக்கரம் அண்ணா சொல்றதுல தப்பில்ல, ஆனா நாலு நாளும் சைக்கிள்னா நீங்க பாக்கப்போறது பள்ளத்தாக்கு மட்டும் தான், மலையை இல்ல. நான் ஷெஃபீல்டுல 11 வருசமா இருக்கேன், நர்ஸ் வேலை, நைட் ஷிஃப்ட் முடிஞ்சு தூக்கம் வராத நாள்ல கூட முதல் டிரெயின் புடிச்சு ஈடேல் போய் நடந்துட்டு வந்து படுத்திருக்கேன். அந்த ஊரை நீங்க நடந்து தான் பாக்கணும்.

முதல்ல ஒண்ணு புரிஞ்சிக்கோங்க, அது ஒரே மலை கிடையாது, ரெண்டு விதமான மண்ணு. தெக்குப் பக்கம் சுண்ணாம்புக்கல், அதை ஒயிட் பீக்னு சொல்வாங்க, பச்சைப்பசேல்னு வயல், வெள்ளைக் கல் சுவர், ஆழமான சின்னச் சின்ன பள்ளத்தாக்கு. வடக்குல கருப்பா சொரசொரன்னு மணற்கல், அது டார்க் பீக், மேல போனா மரமே இருக்காது, கரி மாதிரி கருத்த சேத்து நிலம், அதுல பீட்னு ஒரு மண்ணு, ஆயிரக்கணக்கான வருசமா மக்காம சேந்த பாசி அது. சைக்கிள் பாதை பெரும்பாலும் வெள்ளைப் பக்கம் தான். கருப்புப் பக்கம் பாக்க கால் வேணும்.

மேப்ல பக்கம்னு தெரியுறதை நம்பாதீங்க. சமவெளில மணிக்கு 3 மைல் நடப்பீங்கன்னா இங்க ரெண்டு வெச்சுக்கோங்க. வேலி தாண்டணும், கேட் திறந்து மூடணும், மூச்சு வாங்க நிக்கணும், நின்னா பாக்கணும்னு தோணும்.

தங்குறதுக்கு ஹேதர்சேஜ் பாருங்க. மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் நடுவுல ஹோப் வேலி லைன்னு ஒண்ணு ஓடுது, கிரிண்டில்ஃபோர்டு, ஹேதர்சேஜ், பாம்ஃபோர்டு, ஹோப், ஈடேல்னு வரிசையா ஸ்டேஷன். டிரெயின்ல இறங்குனதும் மலை தான்.

நல்லூரான் எழுதியது:

தம்பி வைகைக்கரை, நான் மான்செஸ்டரிலை இருக்கிறன், முப்பது வருசத்துக்கு மேலை. தங்கச்சி செல்வி சொல்லுறது சரி, ஆனா நடையோ சைக்கிளோ எண்டு சண்டை பிடிக்கிறதுக்கு முதல் அந்த மலையிலை கால் வைக்கிற உரிமை எப்பிடி வந்தது எண்டு தெரிஞ்சுகொண்டு போங்கோ.

கிண்டர் ஸ்கவுட் எண்டு ஒரு மலை, 636 மீட்டர், அந்தப் பகுதியிலை அதுதான் உயரம். நூறு வருசத்துக்கு முதல் அதிலை சாதாரண சனம் ஏறேலாது. பிரபுமாருடைய வேட்டை நிலம், கிரவுஸ் எண்ட பறவையைச் சுடுறதுக்காக வருசத்திலை கொஞ்ச நாள் வருவினம், மிச்ச நாளெல்லாம் காவல்காரர் தடியோடை நிப்பினம். கீழை மான்செஸ்டரிலையும் ஷெஃபீல்டிலையும் ஆலைப் புகைக்குள்ளை கிழமை முழுக்க வேலை செய்யிற பிள்ளையளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் காத்து வாங்க இடமில்லை. 1932 ஏப்ரல் 24, ஹேஃபீல்டு ஊருக்குக் கிட்ட ஒரு கல்லுக்குவாரியிலை ஒரு நானூறு பேர் மட்டிலை கூடி, தடையை மீறி மலை ஏறிச்சினம். முன்னுக்கு நிண்டவர் பென்னி ராத்மன், இருபது வயசுப் பொடியன். பொலிஸ் அவரை ரயில் ஸ்டேஷனிலை மறிக்கப் பாத்துக்கொண்டு நிக்க, அவர் மான்செஸ்டரிலை இருந்து சைக்கிளிலை வந்து சேந்திட்டார். பேந்து ஆறு பேரைப் பிடிச்சு அஞ்சு பேருக்கு ரெண்டு மாசம் தொடக்கம் ஆறு மாசம் வரை மறியல். ராத்மனுக்கு நாலு மாசம்.

அந்தச் சிறைத்தண்டனைதான் நாடு முழுக்கக் கோவத்தைக் கிளப்பினது. 1949இலை தேசியப் பூங்காச் சட்டம் வந்தது, 1951 ஏப்ரலிலை பிரிட்டனிலையே முதல் தேசியப் பூங்கா எண்டு பீக் டிஸ்ட்ரிக்டைத்தான் அறிவிச்சவை. திறந்த மலைவெளியிலை எவரும் நடக்கலாம் எண்ட சட்டம் 2000ஆம் ஆண்டுதான் வந்தது. 2002இலை, எழுபதாம் ஆண்டு நினைவுக்கு, அந்த நிலத்துக்காரப் பிரபுவின்ரை பேரன், டெவன்ஷர் டியூக், சனத்துக்கு முன்னாலை வந்து தன்ரை பாட்டன் செய்தது பிழை எண்டு மன்னிப்புக் கேட்டவர். உரிமை இல்லாத மண்ணிலை இருந்து வந்த ஆக்கள் நாங்கள், எனக்கு அந்தக் குவாரியிலை நிக்கேக்கை தொண்டை அடைக்கும். அங்கை ஒரு நினைவுக் கல்வெட்டுப் பதிச்சுக் கிடக்கு, கட்டாயம் போய்ப் பாருங்கோ.

வைகைக்கரை எழுதியது:

அண்ணா இது எதுவுமே எனக்கு தெரியாது, ரொம்ப நன்றி. மனைவிக்கு வாசிச்சு காமிச்சேன், முதல் நாளே கிண்டர் தான்னு சொல்லிட்டாங்க. அப்போ சட்டப்படி எங்க வேணா நடக்கலாம், எங்க வேணா சைக்கிள் ஓட்டலாமா? கூகுள் மேப்ல சைக்கிள்னு போட்டா குறுக்கு வழி ஒண்ணு வயல் நடுவுல காட்டுது.

சக்கரம் எழுதியது:

இல்லவே இல்ல சகோ, இதுல நானே தப்பு பண்ணிருக்கேன். வந்த புதுசுல போன்ல காட்டுன வழின்னு ஒரு வயலுக்குள்ள சைக்கிளை விட்டுட்டேன், பாதி தூரத்துல ஒரு வயசான விவசாயி டிராக்டரை நிறுத்திட்டு வந்தாரு. கத்தல, அமைதியா கம்பத்துல இருந்த அம்புக்குறியைக் காமிச்சாரு, மஞ்சள் அம்பு. அந்த வயல்ல ஆடு குட்டியோட மேஞ்சிட்டு இருந்துச்சு, நான் வேகமா வந்ததுல குட்டியும் தாயும் பிரிஞ்சு ஓடி மூலைக்கு ஒண்ணா நின்னு கத்துச்சுங்க. எனக்கு அன்னைக்கு மனசே சரியில்ல.

மஞ்சள் அம்புன்னா ஃபுட்பாத், நடக்குறவங்களுக்கு மட்டும். நீல அம்புன்னா பிரைடில்வே, நடை, குதிரை, சைக்கிள் மூணும் போகலாம். சைக்கிளுக்கு அந்த உரிமை வந்தது 1968 சட்டத்துல, ஆனா நடக்குறவங்களுக்கும் குதிரைக்காரங்களுக்கும் நாம தான் வழி விடணும், அதுவும் சட்டத்துலயே இருக்கு. குதிரையைப் பாத்தா தூரத்துலயே குரல் குடுங்க, பின்னாடி சத்தமில்லாம போய் நிக்காதீங்க, மிரண்டுடும். அண்ணா சொன்ன 2000 சட்டம் நடைக்கு தான், சைக்கிளுக்கு இல்ல.

போனை நம்பாம ஓஎஸ் மேப், அதாவது ஆர்ட்னன்ஸ் சர்வேங்கற நில அளவைத் துறை போடுற மேப், காகிதத்துல வாங்குங்க. டார்க் பீக்குக்கு ஓஎல்1, ஒயிட் பீக்குக்கு ஓஎல்24, ஒண்ணுக்கு இருபத்தஞ்சாயிரம்ங்கற அளவு, ஒவ்வொரு வயல் சுவரும் கோடா போட்டிருக்கும். பச்சைல சின்னக் கோடு கோடா வந்தா ஃபுட்பாத், நீளக் கோடா வந்தா பிரைடில்வே.

தாமரை எழுதியது:

ஒரு சந்தேகம் கேக்கலாமா, ரொம்ப நாளா மனசுல இருக்கு. நான் லெஸ்டர்ல படிக்கிறேன், தனியா போகணும்னு ஆசை. அந்த மாதிரி கிராமத்துப் பக்கம் நம்ம நிறத்துல ஆளுங்களே கம்மின்னு சொல்றாங்க, வித்தியாசமா பாப்பாங்களா? அப்புறம் மாடு. வயல்ல மாடு நின்னா அதுக்கு நடுவுல எப்படி போறது?

ஷெஃபீல்டு செல்வி எழுதியது:

தாமரை, தைரியமா போம்மா. நம்ம ஆளுங்க கம்மி தான், அது உண்மை, பல நாள் மலை மேல நான் ஒருத்தி தான். முதல் ஒரு வருசம் எனக்கும் அந்தக் கூச்சம் இருந்துச்சு, யாரோட வீட்டுக்குள்ளயோ கேக்காம நுழைஞ்ச மாதிரி. ஆனா பாதைல எதிர்ல வர்றவங்க எல்லாரும் ஹலோன்னோ மார்னிங்னோ சொல்லிட்டு தான் போவாங்க, லண்டன் மாதிரி தலையைக் குனிஞ்சிட்டு போறதில்ல. நீயே முதல்ல சொல்லிப் பாரு. ஒருக்கா நான் ஸ்டானேஜ்ங்கற பாறை விளிம்பு மேல புளிசாதம் சாப்டுட்டு இருந்தப்போ ஒரு பாட்டி வந்து உக்காந்து மோந்து பாத்துட்டு என்னன்னு கேட்டாங்க, மூடில கொஞ்சம் வெச்சு குடுத்தேன், காரத்துல கண்ணு கலங்கிடுச்சு, ஆனா முழுசா சாப்டுட்டு அவங்க பையில இருந்த கேக்கைப் பாதி எனக்கு குடுத்தாங்க.

மாடு விஷயம் விளையாட்டில்ல. நம்ம ஊரு மாடு தெருவுலயே வளந்தது, ஆளைப் பாத்தா கண்டுக்காது. இங்க கன்னு போட்ட மாடு கூட்டமா நிக்கும், தாய்க்கும் கன்னுக்கும் நடுவுல மட்டும் போகவே கூடாது. சுவர் ஓரமா சுத்திப் போ, ஓடாத, கத்தாத. நாயைக் கூட்டிட்டு போனா இன்னும் ஆபத்து, மாடு நாயைத் தான் துரத்தும், அப்படி வந்துட்டா கயித்தை விட்டுடணும். திறந்த மலைவெளில மார்ச் 1ல இருந்து ஜூலை 31 வரைக்கும் நாயை கயித்துல தான் வெச்சிருக்கணும், தரைல முட்டை வெக்கிற பறவைங்க இருக்கு.

இன்னொண்ணு, பெரணிச் செடி மண்டிக் கிடக்கற இடத்துல ஆட்டு உண்ணி இருக்கும், பேன்ட்டை சாக்ஸுக்குள்ள சொருகிக்கோ, வீட்டுக்கு வந்ததும் முழங்கால் பின்னாடி பாரு. கடிச்ச இடத்தைச் சுத்தி செவப்பா வட்டமா பரவுனா டாக்டரைப் பாக்காம இருக்காத.

நல்லூரான் எழுதியது:

கிண்டருக்குப் போற ஆக்களுக்கு ஒண்டு சொல்லவேணும். மேலை போனா உச்சி எண்டு ஒரு கூம்பு இல்லை, பெரிய மேசை மாதிரித் தட்டையாக் கிடக்கும், நடுவிலை பீட் மண்ணை மழை அறுத்து அறுத்து ஆள் உயரத்துக்கு வாய்க்கால். ஒரு ஒக்டோபரிலை நான் தனியப் போனனான், காலமை நல்ல வெய்யில். மேலை ஏறி அரை மணித்தியாலத்திலை முகில் இறங்கிச்சுது, நீட்டின கை தெரியேல்லை. நேர எண்டு நினைச்சு ஒரு மணித்தியாலம் நடந்து பாத்தா முதல் நான் தேத்தண்ணி குடிச்ச கல்லடியிலை நிக்கிறன், நான் போட்ட தோடம்பழத் தோல் அங்கையே கிடக்கு. அண்டைக்குத்தான் உண்மையாப் பயந்தனான். பையிலை கொம்பாஸ் இருந்தது, பிறகு அதைக் கையிலை பிடிச்சு, கண்ணை அதிலையிருந்து எடுக்காமல் தெற்கை பாத்தே நடந்து ஈடேல் பக்கம் விளிம்பைக் கண்டு இறங்கினனான்.

ஆனபடியா நடுவுக்குள்ளை போகாமல் விளிம்புப் பாதையைப் பிடியுங்கோ. போன் சிக்னலை நம்பாதேங்கோ. ஏதும் நடந்தா 999 அடிச்சு முதல் பொலிஸ், பேந்து மவுண்டன் ரெஸ்க்யூ எண்டு கேக்கவேணும், அவையள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். விசில் ஒண்டு வைச்சிருங்கோ, ஆறு தரம் ஊதி ஒரு நிமிசம் விட்டுத் திருப்பி ஊதினா அது உதவி கேக்கிற சத்தம்.

கோவைப்பஞ்சு எழுதியது:

இழையை இப்ப தான் பாத்தேனுங்க. அந்தப் பக்கம் போறவங்க எல்லாரும் மலையையே பாத்துட்டு வந்துடறாங்க, கீழ ஆத்தோரம் இருக்கிற மில்லுகளை யாரும் சொல்றதில்லை. எங்க வீட்ல மூணு தலைமுறை ஸ்பின்னிங் மில்லு வேலை, அப்பா சிங்காநல்லூர்ல இருந்தாருங்க. குரோம்ஃபோர்டுல 1771ல ஆர்க்ரைட் ஆரம்பிச்ச மில்லு இன்னும் நிக்குது, தண்ணி சக்கரத்துல பஞ்சு நூத்த இடம், ஷிஃப்ட் போட்டு ராத்திரியும் பகலும் ஆளை வேலை வாங்குற முறையே அங்க தான் ஊனுச்சுங்க. அந்தப் பள்ளத்தாக்கு முழுசையும் 2001ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்துட்டாங்க.

அங்கிருந்து ஹை பீக் டிரெயில்ல சைக்கிள்ல ஏறிப் பாத்தேன். 1830, 31 வாக்குல போட்ட ரயில் பாதை அது, ஆனா சக்கரம் சொன்ன மாதிரி எல்லா எடத்துலயும் சமம் இல்லைங்க. மலையில நேரா ஏத்தி விட்டிருக்காங்க, இஞ்சின் ஏறாதுங்கறதால மேல நீராவி மெஷினை வெச்சு சங்கிலில வேகனைக் கட்டி இழுத்தாங்களாம், மிடில்டன் டாப்ல அந்த மெஷின் வீடு அப்படியே இருக்குது. அந்த ஏத்தத்துல நான் சைக்கிளைத் தள்ளிட்டு தான் போனேன்.

மான்சல் டிரெயில்ல போனீங்கன்னா லிட்டன் மில்லு வரும், அங்க கொஞ்சம் நில்லுங்க. லண்டன்ல இருந்த ஏழைப் பிள்ளைகளைக் கூட்டிட்டு வந்து வேலை வாங்குன மில்லு அது. ராபர்ட் பிளின்கோன்னு ஒரு பையன், செயின்ட் பேங்க்ரஸ் ஏழை விடுதில இருந்து ஏழு வயசுல வண்டில ஏத்தி அனுப்பிட்டாங்க, முதல்ல நாட்டிங்காம் பக்கம் ஒரு மில்லு, அப்புறம் லிட்டன். பட்டினி, அடி எல்லாம் பட்டு உயிர் பொழைச்சு பின்னாடி அவன் சொன்னது அச்சாகி வந்துச்சுங்க. நீங்க டிரெயின் ஏறப்போறதும் அதே செயின்ட் பேங்க்ரஸ் தானுங்களே. எங்க அப்பா பத்து வயசுல மில்லு வாசல்ல நின்னவரு, எனக்கு அந்த சுவரைத் தாண்டிப் போக முடியல.

வைகைக்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு எதிர்பாக்கல. முடிவு பண்ணிட்டோம்: முதல் நாள் கிண்டர், ரெண்டாம் நாள் மான்சல் சைக்கிள், மூணாம் நாள் ஸ்டானேஜும் ஈயமும் நடை. ஈயம்னு ஒரு ஊரு, பிளேக் வந்த கிராமம், அதைப் பத்தி ஒரு தடவை படிச்சேன். நாலாவது நாள் பாத்துக்கலாம். போயிட்டு வந்து எழுதுறேன்.

ஷெஃபீல்டு செல்வி எழுதியது:

அந்த ஊரு பேரை ஈம்னு சொல்லணும். பஸ்ல ஈயம்னு கேட்டா டிரைவருக்கு புரியாது.

வைகைக்கரை எழுதியது:

வந்துட்டோம். ரெண்டு நாளா வேலைல மனசே ஓடல, எழுதிடறேன், நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

முதல் நாள் ஈடேல் ஸ்டேஷன்ல இறங்கி ஜேக்கப்ஸ் லேடர் வழியா ஏறுனோம், கல்லு படிக்கட்டு, முழுக்க மேல வர ரெண்டரை மணி நேரம் ஆச்சு. 1965ல திறந்த பென்னைன் வே, 268 மைல் நடைப்பாதை, அதோட ஆரம்பம் தான் அந்த ஊரு, பெரிய மூட்டையைத் தூக்கிட்டு ஸ்காட்லாந்து எல்லை வரைக்கும் நடக்கப்போற ரெண்டு பேரைப் பாத்தோம். மேல போனதும் செல்வி அக்கா சொன்ன கருப்பு மண்ணு. ஆனா அக்கா, அது முழுக்க வெள்ளையா பூத்திருந்துச்சு, பஞ்சு வெடிச்ச மாதிரி, காட்டன் கிராஸ்னு ஒருத்தர் பேரு சொன்னாரு. அவர் அங்க பாசி நடுற வேலை பாக்குறவராம். தொழிற்சாலைப் புகைல இருந்த கந்தகம் நூறு இருநூறு வருசமா மழையோட இறங்கி அந்த மலை மேல இருந்த பாசியைக் கொன்னுடுச்சு, பாசி போனதும் மண்ணு வெறுமனா காஞ்சு அடிச்சுட்டுப் போக ஆரம்பிச்சிடுச்சு, இப்போ கைல ஒவ்வொரு கொத்தா நட்டு திரும்ப கொண்டு வர்றாங்க. ஒரு கொத்தை என் மனைவி கைல குடுத்தாரு, ஸ்பாஞ்ச் மாதிரி, லேசா அமுக்குனதுக்கே தண்ணி விரல் வழியா ஒழுகுச்சு. மழைத் தண்ணியை மேலயே புடிச்சு வெக்கிறதே இது தானாம்.

நான் ஒரு இடத்துல கல்லுப் பாதையை விட்டு ஓரமா கால் வெச்சேன், முழங்கால் வரைக்கும் உள்ள போயிடுச்சு. இழுக்க இழுக்க ஷூ வரல, மனைவி பின்னாடி இருந்து இடுப்பைப் புடிச்சு இழுத்து தான் வெளிய வந்தேன். நல்லூரான் அண்ணா சொன்ன மாதிரி விளிம்பை விட்டு நகரல அதுக்கப்புறம். கிண்டர் டவுன்ஃபால் அருவி, முப்பது மீட்டர், தண்ணி கொஞ்சமா தான் இருந்துச்சு, ஆனா கீழ இருந்து அடிச்ச காத்துல அந்தத் தண்ணி கீழ விழாம மேல எழும்பி எங்க முகத்துல தெளிச்சுச்சு.

ரெண்டாவது நாள் மான்சல். சக்கரம், நீங்க சொன்னது முழுக்க சரி. ஹெட்ஸ்டோன் சுரங்கம் கிட்டத்தட்ட அரை கிலோமீட்டர், உள்ள நுழைஞ்சதும் வெயில்ல வந்த உடம்புக்கு ஐஸ் பெட்டி மாதிரி குளிர், கூரைல இருந்து சொட்டு சொட்டா தண்ணி கழுத்துல விழுது, லைட்டு வரிசையா தூரத்துல சின்னதாயிட்டே போகுது. வெளிய வந்த உடனே பாலம். கீழ ஆறு வளைஞ்சு போகுது, ரெண்டு பக்கமும் பச்சை மலை, கண்ணு கூசி கொஞ்ச நேரம் எதுவுமே தெரியல, அப்புறம் தெரிஞ்சப்போ சைக்கிளை விட்டு இறங்கிட்டேன். அந்தப் பாலம் கட்டுனப்போ ஜான் ரஸ்கின்னு அந்தக் காலத்து எழுத்தாளர் ஒருத்தர் அந்த இடத்தைக் கெடுத்துட்டாங்கன்னு அவ்வளவு திட்டி எழுதினாராம். இப்போ அதைப் பாக்கவே ஆளுங்க வர்றாங்க. ரயில் 1968ல நின்னுடுச்சு, சுரங்கத்தை எல்லாம் 2011ல தான் திறந்து விட்டாங்க, அது வரைக்கும் மலையைச் சுத்தி ஏறி இறங்கித் தான் போகணுமாம்.

கோவைப்பஞ்சு அண்ணா, லிட்டன் மில்லுக்குக் கீழ இறங்கிப் போனோம். இப்போ அது வீடுங்களா மாறிடுச்சு, ஜன்னல்ல பூத்தொட்டி. பக்கத்துல தண்ணி அவ்வளவு தெளிவா ஓடுது. ஏழு வயசுப் பிள்ளைன்னு நெனச்சதும் எங்களுக்கு அங்க உக்காந்து சாப்பிட மனசு வரல, சாப்பாட்டைத் தூக்கிட்டு மேல வந்துட்டோம்.

மூணாவது நாள் காலைல ஸ்டானேஜ், கருப்புப் பாறை விளிம்பு மைல் கணக்குல நீளுது, கீழ புல்லுல பாதி செதுக்குன அரவைக்கல் அப்படியே அப்படியே கிடக்கு, யாரும் வாங்க வராம விட்டுட்டுப் போனது. தேசியப் பூங்காவோட சின்னமே அந்தக் கல்லு தான். மத்தியானம் ஈம். 1665ல லண்டன்ல இருந்து தையக்காரர் ஒருத்தருக்கு வந்த துணிப் பொதில பிளேக் வந்து, ஊரே சேந்து நாங்க வெளிய போகல, யாரும் உள்ள வரவேணாம்னு எல்லை போட்டுக்கிட்டாங்க. ஊருக்கு வெளிய வயல்ல எல்லைக்கல், மேல ஆறு குழி, குழில வினிகர் ஊத்தி அதுல காசு போட்டு வெச்சா பக்கத்து ஊர்க்காரங்க சாப்பாடு வெச்சுட்டுப் போவாங்களாம். குழிங்க விளிம்பு வழவழன்னு இருக்கு, விரலை வெச்சா சரியா உள்ள போகுது. ஹேன்காக்னு ஒரு அம்மா, எட்டே நாள்ல புருசனையும் ஆறு பிள்ளைங்களையும் தன் கையாலயே குழி தோண்டிப் புதைச்சிருக்காங்க, அந்தக் கல்லறைங்க வயல் நடுவுல சின்னச் சுவருக்குள்ள இருக்கு. கொரோனால மனைவியோட தாத்தா ஊர்ல இறந்தப்போ நாங்க போக முடியல. அங்க ரொம்ப நேரம் நின்னோம், பேசிக்கல.

நாலாவது நாள் மழை. காசில்டன் பஸ்ல போய் மேம் டார் மலைப் பக்கம் நடந்தோம். அங்க உடைஞ்ச ரோடு ஒண்ணு இருக்கு, மலை சரிஞ்சு சரிஞ்சு ரிப்பேர் பண்ணி பண்ணி அலுத்து 1979ல மூடிட்டாங்க, தார் அடுக்கடுக்கா உடைஞ்சு கேக்கு வெட்டின மாதிரி நிக்குது. இப்போ வண்டியெல்லாம் வின்னாட்ஸ் பாஸ் வழியா தான், ரெண்டு பக்கமும் சுண்ணாம்புப் பாறை, நடுவுல செங்குத்தா ரோடு. மழைல ஒரு பொண்ணு தனியா அந்த ஏத்தத்தை சைக்கிள்லயே ஏறுனாங்க, நாங்க கை தட்டுனோம்.

திரும்புற வழில ஒரு வயசானவர் விழுந்த சுவரைக் கட்டிட்டு இருந்தாரு. சிமெண்ட் கிடையாது, மண்ணு கிடையாது, வெறும் கல்லு. ரெண்டு பக்கமும் ரெண்டு வரிசை, நடுவுல பொடிக்கல்லு ரொப்பி, இடுப்பு உயரத்துல ரெண்டு வரிசையையும் சேத்துக் கட்டுற மாதிரி ஒரு நீளக்கல்லு குறுக்க, உச்சில நெட்டுக்குத்தா வரிசையா மூடு கல்லு. கைல எடுத்த கல்லைத் திரும்ப கீழ போட மாட்டாராம், அதுக்கு ஒரு இடம் தேடியே ஆகணும்னாரு. மனைவியும் ஒரு கல்லு எடுத்தாங்க, திருப்பித் திருப்பிப் பாத்தாங்க, அஞ்சு நிமிசம் அவர் பேசாம நின்னாரு, கடைசில பொருந்துச்சு. அந்தக் கல்லு அங்க தான் இருக்கு.

குறை ஒண்ணே ஒண்ணு, ஹேஃபீல்டு குவாரிக்கு போக முடியல. அது மலைக்கு அந்தப் பக்கம், ஈடேல்ல இருந்து வந்து திரும்ப நேரமில்ல.

நல்லூரான் எழுதியது:

தம்பி வாசிச்சுச் சந்தோசம். குவாரிக்கு அடுத்த முறை மான்செஸ்டர் பக்கத்தாலை வாங்கோ, நான் கூட்டிக்கொண்டு போறன். அதிலை இருந்து வில்லியம் க்ளஃப் எண்ட பள்ளத்தாலை ஏறினா அவையள் அண்டைக்கு ஏறின அதே பாதை. ஆனி ஆடியிலை இரவு ஒன்பதரை மட்டும் வெளிச்சம் நிக்கும், அவசரப்படத் தேவையில்லை.

சக்கரம் எழுதியது:

நான் சைக்கிள்ல ஹேஃபீல்டு வந்துடறேன் அண்ணா, அங்க பூட்டி வெச்சுட்டு உங்க கூட நடக்குறேன். எட்டு வருசத்துல கிண்டர் மேல நான் ஏறினதே இல்ல. செல்வி, நீங்களும் வாங்க.

ஷெஃபீல்டு செல்வி எழுதியது:

ஷிஃப்ட் பாத்துட்டு சொல்றேன். சனிக்கிழமைன்னா வந்துடுவேன். புளிசாதம் என் பொறுப்பு.

தாமரை எழுதியது:

நானும் வரலாமா? என்கிட்ட மேப் இல்ல, ஷூ மட்டும் இருக்கு.

வைகைக்கரை எழுதியது:

வாங்க தாமரை. ஓஎல்1 மேப் எங்ககிட்ட இருக்கு, ஒரு ஓரம் பீட் மண்ணுல நனைஞ்சு கருப்பா இருக்கும், ஆனா கிண்டர் இருக்கிற பக்கம் நல்லா தெரியுது. மழை விட்ட ஒரு சனிக்கிழமை பாத்து நாள் சொல்லுங்க, எடுத்துட்டு வர்றோம்.